ஷராட்டின் பழைய 8 கிலோமீட்டர் சுற்று: கைவிட்டது சரிதானா?

லியோன்_நடையன் | #1

லியோனிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் காரோட்டினால் கிளெர்மோன்-ஃபெரான் வரும். கருப்பு எரிமலைக் கல்லில் கட்டிய பெரிய தேவாலயம் உள்ள ஊர். மிஷெலின் டயர் பிறந்த ஊர். அங்கிருந்து ருவாயா வழியாக மலையேறினால் ஷராட். போன ஞாயிறு மகளுடன் போயிருந்தேன்.

இன்று அங்கே இருக்கும் பந்தயப்பாதை 3.975 கிலோமீட்டர். 1989-இல் திறந்தது. நான் தேடிப் போனது அதை அன்று. 1958-இல் திறந்து 1988 வரை ஓடிய 8.055 கிலோமீட்டர் பழைய சுற்றை. அணைந்துபோன எரிமலைகளின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, ஏறி இறங்கி, ஏறத்தாழ 50 வளைவுகளோடு போன மலைச்சாலை அது. மூச்சுவிட்டுக்கொள்ள ஒரு நீண்ட நேர்ப்பாதைகூடக் கிடையாது. 1965, 1969, 1970, 1972 என்று நான்கு முறை ஃபார்முலா 1-இன் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம் இங்கே நடந்தது. வென்றவர்கள் வரிசையைப் பாருங்கள்: ஜிம் கிளார்க், ஜாக்கி ஸ்டீவர்ட், யோகன் ரிண்ட், மறுபடியும் ஸ்டீவர்ட். சுமாரான ஓட்டுநர் ஒருவர்கூட இந்த மலையில் வென்றதில்லை.

பழைய சுற்றின் ஒரு துண்டு இன்றைய பாதைக்குள் அடங்கிவிட்டது. மிச்சம் சாதாரணப் பொதுச்சாலை. கிராவ்நுவார் பக்கமாகச் சாலை சரிந்து இறங்குமிடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தேன். பால் வண்டி ஒன்று போனது. சைக்கிள்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். சாலையோரத்தில் செம்மையும் கருப்புமாகச் சரளை கிடந்தது. மகள் ஒன்றை எடுத்து, "அப்பா, இது கனமே இல்லையே" என்றாள். கையில் வாங்கினால் விளிம்பு கத்திபோல இருந்தது.

அங்கே நின்றபோது மனம் கனத்தது. பெல்ஜியத்தின் ஸ்பா பாதையை மாற்றிக் கட்டிக் காப்பாற்றினார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கின் நீளச் சுற்று இன்றும் இருக்கிறது. இவற்றுக்கு ஈடான ஷராட்டைப் பாதிக்கு மேல் வெட்டிப் போட்டுவிட்டார்கள். அது தவறு என்பது என் எண்ணம். நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரும்பாறை | #2

நான் மறுக்கிறேன். உங்கள் மகள் கையில் எடுத்த அந்த மாதிரிக் கல்தான் ஓட்டுநர் ஹெல்முட் மார்கோவின் இடது கண்ணை இங்கே பறித்தது. முன்னால் போன காரின் சக்கரம் வாரியடித்த கல் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. அந்த நிலையிலும் பி.ஆர்.எம். காரைப் பத்திரமாக நிறுத்திவிட்டுத்தான் அவர் விழுந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வான் லென்னப்புடன் சேர்ந்து 5,335 கிலோமீட்டர் ஓட்டி வென்றிருந்தார். அந்தத் தூரச் சாதனை 2010 வரை நின்றது. அப்படிப்பட்ட கையும் கண்ணும் உடைய மனிதரின் ஓட்டுநர் வாழ்க்கை அந்த ஒரு கல்லோடு முடிந்தது.

அவர் முதல் ஆளும் இல்லை. பாதை திறந்து ஓராண்டு ஆன நிலையில், 1959 ஜூலையில், இங்கே ஃபார்முலா 2 பந்தயத்தில் விபத்துக்குள்ளான ஐவர் பியூப் சில நாள்களில் கிளெர்மோனிலேயே இறந்தார். லே மானை இரண்டு முறை வென்றவர்.

மலை அழகு என்பது வேறு. அங்கே பந்தயம் விடுவது வேறு.

புதுவரவு_கதிர் | #3

வணக்கம். நான் ஃபார்முலா 1 பார்க்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. மார்கோ என்றால் ரெட் புல் அணியில் ஆலோசகராக இருந்தவர்தானே? அவருக்கு 1971-இல் விபத்து நடந்ததாக எங்கோ படித்தேன். அந்தப் பாதையில் ஓட்டுநர்கள் வாந்தி எடுத்ததாகவும் சொல்கிறார்கள். கார் ஓட்டுகிறவருக்கே குமட்டல் வருமா?

பட்டறை_மணி | #4

கதிர், அவரேதான். ஆனால் ஆண்டு 1972, ஜூலை 2. 1971-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ தெற்கே புதிதாகக் கட்டிய பால் ரிக்கார் பாதைக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு ஒரே ஒரு முறை ஷராட்டுக்குத் திரும்பி வந்தது. அதுவே கடைசி.

கல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாக டயர் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் பாதையைக் குற்றம் சொல்கிறார்கள். கல் 1958-லும் அங்கேதான் கிடந்தது. மாறியது கார்.

1965-இல் கிளார்க் ஓட்டிய லோட்டஸில் 1.5 லிட்டர் எஞ்சின். டயர் ஒல்லி. அவருடைய அதிவேகச் சுற்று 3 நிமிடம் 18.9 விநாடி. 1966-இல் எஞ்சின் அளவு 3 லிட்டராக ஏறியது. அதன் பின்னால் டயரும் ஆண்டுக்காண்டு அகன்றது. 1972-இல் நியூசிலாந்து ஓட்டுநர் கிறிஸ் அமோன் இதே பாதையை 2 நிமிடம் 53.9 விநாடியில் சுற்றினார். ஏழு ஆண்டில் 25 விநாடி குறைந்துவிட்டது. சாலையின் அகலம் மட்டும் அப்படியே இருந்தது.

அகலமான கார் அதே குறுகிய வளைவை வேகமாக எடுக்க வேண்டுமென்றால் உட்பக்கச் சக்கரம் சாலையோர மண்ணில் இறங்கத்தான் செய்யும். இறங்கினால் சரளை சாலைக்கு வரும். அடுத்து வருகிறவரின் அகன்ற, வழுவழுப்பான, சூடேறிய மென்ரப்பர் அதை அள்ளிப் பின்னால் வீசும். எரிமலைச் சரளை ஆற்றுக்கூழாங்கல் மாதிரி உருண்டையாக இருக்காது. உள்ளே காற்றறை, வெளியே கூர்விளிம்பு. ரப்பரைக் கிழிப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். 1972-இல் முகத்தில் பட்டவர் ஒருவர். டயரில் குத்துப்பட்டவர்கள் பலர். பாதிப் பந்தயம் பஞ்சரிலேயே போனது.

உலகத்துக்கே டயர் செய்து கொடுக்கும் ஊரின் தலைமேல் இது நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. மிஷெலின் ஃபார்முலா 1-க்குள் வந்தது 1977-இல். அதற்குள் இந்த மலையிலிருந்து கிராண்ட் பிரீ போய் ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.

நிழல்வளைவு | #5

அமோன் பெயரை எடுத்துவிட்டீர்கள். இனி நான் சும்மா இருக்க முடியாது.

அந்த 1972 ஜூலையை முழுதாகச் சொல்லாமல் ஷராட்டைப் பற்றிப் பேசக் கூடாது. இந்தப் பாதையின் முறையான பெயர் லூயி ரோசியே பாதை. ரோசியே இந்த வட்டாரத்துக்காரர். 1950-இல் தன் மகனுடன் டால்போ-லாகோ காரில் லே மானை வென்றவர். மகன் ஓட்டியது சில சுற்றுகளே, மிச்ச நேரமெல்லாம் அப்பாவே ஓட்டினார். இப்படியொரு பாதை வேண்டும் என்று அலைந்தவர் 1956-இல் மோன்லேரி விபத்தில் மாண்டுபோனார். பாதை திறந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவருடைய அந்த லே மான் வெற்றிக்குப் பிறகு 22 ஆண்டுகள் எந்தப் பிரெஞ்சுக் காரும் அங்கே வெல்லவில்லை. 1972 ஜூனில் மாத்ரா வென்றது. மூன்றே வாரத்தில் அதே மாத்ரா அணி, அதே நீலநிறத்தில், ரோசியேயின் பெயர் தாங்கிய மலைக்கு வந்து இறங்கியது. எம்.எஸ்.120டி என்ற புதிய கார். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். அதன் சத்தத்தைப் பழைய ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறேன். கூச்சல் என்றே சொல்ல முடியாது, ஒரு நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயி. அது மலைச்சரிவுகளில் பட்டுத் திரும்பிவரும்போது எப்படி இருந்திருக்கும்!

அமோன் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். புறப்பட்ட கணத்திலிருந்து எல்லோரையும் விட்டு விலகிப் போனார். அதுவரை அவர் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான ஒரு பந்தயத்தைக்கூட வென்றதில்லை. பந்தயம் பாதியைத் தொட்டபோது இடப்பக்கமோ வலப்பக்கமோ எங்கோ ஒரு கல். பஞ்சர். பிட்டுக்குள் போய்ச் சக்கரம் மாற்றித் திரும்பும்போது பல இடங்கள் பின்னால் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டியதுதான் ஓட்டம். மேலே மணி சொன்ன 2 நிமிடம் 53.9 விநாடி அப்போது வந்ததுதான். மணிக்குச் சராசரி ஏறத்தாழ 167 கிலோமீட்டர், ஒரு மலைச்சாலையில். ஒவ்வொருவராகப் பிடித்துத் தாண்டி மூன்றாவதாக முடித்தார். ஸ்டீவர்ட் வென்றார், ஃபிட்டிபால்டி இரண்டாவது. ஸ்டீவர்டையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிறுகுடல் புண்ணால் பெல்ஜியப் பந்தயத்தையே விட்டுவிட்டு, உடல் தேறி வந்த முதல் கிராண்ட் பிரீ அவருக்கு அது.

ஆனால் அந்த மாலை அமோனுடையது. 2016-இல் அவர் இறக்கும் வரை அப்படியொரு வெற்றி அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஷராட்டின் பழைய சுற்றைப் பற்றி இரங்கும் நடையன் அவர்களே, உங்களுக்கு அது அழகிய பாதை. எனக்கு அது அமோனிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்ட மலை. இருந்தும் அதை வெறுக்க முடியவில்லை. அவர் எத்தகைய ஓட்டுநர் என்பதை உலகத்துக்குக் காட்டியதும் அதே மலைதான்.

திஜோன்_ரசிகன் | #6

கிராமத்துப் பந்தயப்பாதை என்றால் திஜோன்-பிரெனுவாவைச் சொல்லுங்கள். 1979-இல் ஜபூயே டர்போ எஞ்சினுக்கு முதல் வெற்றி தேடித்தந்ததும், வில்னோவும் அர்னூவும் கடைசிச் சுற்றுகளில் சக்கரத்தோடு சக்கரம் உரசியதும் அங்கேதான். ஷராட்டில் முந்துவதற்கே இடமில்லை. தனித்தனியாகச் சுற்றுவது என்ன பந்தயம்?

நெறியாளர் | #7

திஜோனுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானே வந்து எழுதுகிறேன். இங்கே ஷராட் மட்டும்.

மலைச்சாலை_ஓட்டுநர் | #8

கதிர் கேட்ட குமட்டலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வரும், தம்பி. பயணிக்குத்தான் தலைசுற்றும், ஓட்டுகிறவருக்குச் சுற்றாது என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டும்போது நமக்குச் சுற்றாததற்குக் காரணம், வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே கொஞ்சம் நேர்ச்சாலை கிடைப்பதும், வேகம் குறைவாக இருப்பதும். ஷராட்டில் அந்த இடைவெளியே இல்லை. 50 வளைவு, 38 சுற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பந்தயத்தில் 1,900 வளைவுகள். உடல் இடமும் வலமுமாகத் தள்ளப்படுவதோடு, ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடங்களில் வயிறு மேலே எழும்பும்.

1969-இல் ரிண்டுக்கு அதுதான் நடந்தது. முகத்தை முழுவதும் மூடும் ஹெல்மெட் போட்டால் குமட்டுகிறது என்று, முகம் திறந்த பழைய வகை ஹெல்மெட்டை அணிந்துகொண்டு ஓட்டினார். அப்படியும் தாங்கவில்லை, கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய, பந்தயத்தை விட்டு விலகினார். மறு ஆண்டு அதே மலைக்கு வந்து லோட்டஸ் 72-இல் வென்றார். இரண்டே மாதம் கழித்து இத்தாலியின் மோன்சா பாதையில் இறந்துவிட்டார்.

முகம் திறந்த ஹெல்மெட், பறக்கும் கல். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் கரும்பாறை சொல்வதன் கனம் புரியும்.

கொடிக்காரன் | #9

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிளார்க், ஸ்டீவர்ட், அமோன், மார்கோ எல்லோரும் வந்துவிட்டார்கள். இன்னும் வராத மூன்று பேரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகளாகப் பந்தயங்களில் மார்ஷலாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, சாப்பாடும் ஒரு தொப்பியும் தருவார்கள். காலை ஆறு மணிக்குக் கொடியோடும் தீயணைப்புக் குடுவையோடும் வளைவில் போய் நிற்போம். கார் தடம் மாறினால் முதலில் ஓட வேண்டியவர்கள் நாங்கள். ஒரு முறை என் நிலையத்திலிருந்து இருபது அடி தள்ளி ஒரு சக்கரம் கழன்று பறந்துபோனது. அதன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஷராட்டில் 1980-இல் மூன்று மார்ஷல்கள் கொல்லப்பட்டார்கள். பாதையின் ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளம். ஓட்டுநருக்கு ஓடிநிற்க இடமில்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மார்ஷலுக்கு ஒதுங்க இடமில்லை என்பதை யாரும் எழுதுவதில்லை. ஸ்டீவர்ட் போன்றவர்கள் இரும்புத் தடுப்புக்காகவும் மருத்துவ வசதிக்காகவும் போராடியதால் ஓட்டுநரின் உயிருக்கு ஒரு மதிப்பு வந்தது. சாலையோரத்தில் நிற்பவனுக்கு அது வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

நடையன், நீங்கள் 1988 வரை ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த எட்டு ஆண்டுகள். மூன்று பேர் செத்த பிறகும் எட்டு ஆண்டுகள் அதே நீளச் சுற்றில் பந்தயம் நடத்தினார்கள். "கைவிட்டது சரியா" என்று கேட்கிறீர்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்பதுதான் என் கேள்வி.

கரும்பாறை | #10

கொடிக்காரன் அவர்களே, நன்றி. நான் சொல்லத் தெரியாமல் சொன்னதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

லியோன்_நடையன் | #11

கொடிக்காரன் எழுதியதை நேற்றிரவு படித்துவிட்டு வெகு நேரம் பதில் எழுதாமல் இருந்தேன்.

நான் தொடக்கத்தில் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த 8 கிலோமீட்டரில் தொடர்ந்து பந்தயம் நடந்திருக்க வேண்டும் என்று இனி சொல்ல மாட்டேன். அகன்ற கார்களுக்கு அந்தச் சாலை பொருந்தவில்லை என்று மணி காட்டிய கணக்குக்கும் என்னிடம் மறுப்பில்லை. அதை அகலப்படுத்தவும் முடியாது. ஒரு பக்கம் மலையைக் குடைய வேண்டும். மறுபக்கம் ஊர்களும் தோட்டங்களும் இருக்கின்றன.

விட்டுக்கொடுக்க மனம் வராதது ஒன்று இருக்கிறது: மறதி. கிளெர்மோன் ஊரிலேயே பிறந்த பத்ரிக் டெபாயே தன் முதல் கிராண்ட் பிரீயை ஓட்டியது அதே 1972-இல், தன் ஊர் மலையில். ஜான் சர்டீஸ் 1959-இல் மோட்டார் சைக்கிளில் 350, 500 சிசி என்று இரண்டு பிரிவையும் இங்கே வென்றார். 1965-இல் ஃபார்முலா 1 நடப்புச் சாம்பியனாக ஃபெராரியில் இதே மலைக்கு வந்து மூன்றாவதாக முடித்தார். இரு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலகப் பட்டம் பெற்ற ஒரே மனிதர். நான் நடந்த அந்தச் சரிவில் அவர் இரண்டு வகையிலும் இறங்கியிருக்கிறார். என் மகளிடம் இதைச் சொன்னேன். "இந்த ரோட்டிலா?" என்று மூன்று முறை கேட்டாள்.

பட்டறை_மணி | #12

மறதி என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த வட்டாரத்தின் பந்தயக் கதை 1958-இல் தொடங்கவில்லை. 1905-இல் கார்டன் பெனட் கோப்பைக் கார்ப் பந்தயம் கிளெர்மோனைச் சுற்றிய மலைச்சாலைகளில்தான் நடந்தது. ஒரு சுற்று 137 கிலோமீட்டர், நான்கு சுற்று. ரிஷார்-பிரேசியே காரில் லெயோன் தேரி வென்றார். முந்தைய ஆண்டும் அவரேதான். அந்தக் காலத்து மரச்சக்கரத்தையும் அன்றைய டயரையும் வைத்துக்கொண்டு எரிமலை நாட்டில் 500 கிலோமீட்டருக்கு மேல்! அந்த டயரைக் கழற்றி மாட்டிய கைகளை நினைத்துக் கும்பிடுகிறேன்.

நிழல்வளைவு | #13

நடையன், ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது பழைய சுற்றை அதே திசையில், கடிகார முள் சுற்றும் பக்கமாக, காரில் மெதுவாக ஓட்டிக் காணொளி எடுக்க முடியுமா? பொதுச்சாலைப் பகுதி மட்டும் போதும். சத்தம் வேண்டாம். அமோன் பார்த்த வரிசையில் அந்த வளைவுகளைப் பார்க்க வேண்டும்.

லியோன்_நடையன் | #14

கட்டாயம் செய்கிறேன். அடுத்த மாதம் பள்ளி விடுமுறையில் போகிறோம். மகள் கேமரா பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கிராவ்நுவார் இறக்கத்தில் இறங்கி நின்று கொஞ்ச நேரம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். கொடிக்காரன், எந்த இடத்தில் நின்றால் வளைவு முழுதாகத் தெரியும்?

கொடிக்காரன் | #15

வளைவின் உட்பக்கம், தொடக்கத்துக்குச் சற்று முன்னால், சாலையைவிட உயரமான திட்டில். வருகிற வண்டியைப் பார்த்தபடி நில்லுங்கள், முதுகைக் காட்டாதீர்கள். மகளை உங்களுக்கும் மலைச்சுவருக்கும் நடுவே நிறுத்துங்கள். வெளிப்பக்கம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அங்கே போகாதீர்கள்; கல் வந்தாலும் வண்டி வந்தாலும் அந்தப் பக்கம்தான் வரும்.